வெள்ளிக்கிழமை மணி

சார்ஜன்ட் கருணாகரன் புதன்கிழமை சொல்லிவிட்டுப் போன வார்த்தை, வெள்ளிக்கிழமை காலையிலும் அந்த வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை, பாய். சும்மா மணி அடிச்சா இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி அதைக் கழட்டிடுவாரு. அப்புறம் நெசமாவே திருடன் வந்தாலும் நாங்க வரமாட்டோம்."

அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. ஏழு வெள்ளிக்கிழமை, ஏழு தடவை. ஜும்மா தொழுகை நேரம் வந்தால் போதும், நாகூர் மீரான் துணிக்கடையின் மணி காஜா பெராங் சாலையே அதிரும்படி அலறும். போலீஸார் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்கும். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இடம் மாறியிருக்காது. எதிர்ச்சாரியில் கோப்பிக் கடை வைத்திருந்த சீனத் தவ்கே அதற்கு ஜும்மா மணி என்றே பெயர் வைத்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓராண்டு நிறைகிறது. அணிவகுப்பு வேலையில் மூச்சு விட நேரமில்லாத போலீஸாருக்கு இந்த மணி எரிச்சலாக இராதா?

மணி வந்த கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்த நேரம், கடை அலமாரியிலிருந்த சோங்கெட் துணிகள் களவு போயின. ஒரு மலாய்க் கல்யாணத்துக்காகச் சொல்லி வைத்து வாங்கிய, பொன்னிழை ஓடிய துணிகள். அலமாரி உடையவில்லை. சாவி போட்டுத் திறந்து, சாவகாசமாக எடுத்துப் போயிருந்தார்கள்.

கடைச் சாவிக்கொத்து மூன்று. நாகூர் மீரானின் மனைவி ஷரீஃபா மூன்றுக்கும் பட்டு நூல் பின்னிக் கட்டியிருந்தாள். கணவருக்குக் கறுப்பு, மூத்தவன் ஷரீஃபுதீனுக்குப் பச்சை, இளையவன் ஷம்சுதீனுக்கு நீலம். மூத்தவன் ஜனவரியில் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு, மனைவி குழந்தையோடு உஜோங் பாசிருக்குக் குடிபோனான். தன் கொத்து எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

களவுக்குப் பிறகு அலமாரிப் பூட்டை மாற்றினார்கள். ஷம்சுதீன் சிங்கப்பூருக்குப் போய் ஒரு மின்சாரக் கண் வாங்கி வந்தான். பார்த்தால் ஒரு சின்ன விளக்கும் ஒரு கண்ணாடிக் குமிழும்தான். விளக்கின் ஒளி அலமாரிக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், கடையின் குறுக்கே போய் எதிர்ச்சுவரிலுள்ள குமிழில் விழும். யாராவது குறுக்கே போனால் ஒளி மறையும், வெளிச்சுவரில் மணி அடிக்கும். ராத்திரியில் ஒரு தடவைகூட அது தப்பாக அடித்ததில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும்தான் இந்தக் கூத்து.

அதுவே வினையாகிப் போனது.

"ராவெல்லாம் சும்மா கெடக்குற மிஷின், நாம பள்ளிக்குப் போனதும் ஏன் அடிக்குது?" நாகூர் மீரான் இடியப்பத்தைத் தொடாமலே கேட்டார். "நம்ம கடையில பள்ளிக்குப் போகாத ஆளு ஒருத்தன்தானே?"

அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அது சுப்பையன்தான் என்று ஷம்சுதீனுக்குப் புரிந்தது.

சுப்பையன், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அந்தக் கடைக்கு வந்தவர். ஆயர் குரோ பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வருஷமாகத் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறார். ஷம்சுதீனைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்து ஓட்டிப் போனதும் அவர்தான். வெள்ளிக்கிழமையில் முதலாளி வீட்டார் தொழப் போகும்போது, எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஏழு தடவை மணி அடித்தபோதும் கடை வாசலுக்கு முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

"வாசச் சாவி அவங்கிட்ட இருக்கு. தொலைஞ்ச கொத்தும் அவங்கிட்டதான் மாட்டியிருக்கணும். உள்ள நுழையறான், மணி அடிச்சதும் வெளிய வந்து, திருடனைப் பிடிக்க வந்தவன் மாதிரி நிக்கிறான். என்னா நடிப்பு!"

"அத்தா, சுப்பையண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல."

"அப்ப உன் மிஷின் பொய் சொல்லுதா?"

 முதல் தடவை மணி அடித்தபோது, சாலையில் கூடி நின்று சிரித்தவர்கள் முன்னால், மார்பை நிமிர்த்தி ஷம்சுதீனே சொன்ன வார்த்தை அது. 'மிஷின் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்.' இப்போது மிஷினைக் காப்பாற்றினால் சுப்பையன் திருடன். சுப்பையனைக் காப்பாற்றினால் அவன் ஊரார் முன் முட்டாள்.

அவனும் சும்மா இருக்கவில்லை, பாவம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தான். முதல் வாரம் பல்லியைச் சந்தேகித்தான், குமிழைச் சுற்றித் தகடு அடித்தான். இரண்டாம் வாரம் லாரி போகும் அதிர்வு என்று விளக்கை இறுக்கினான். மூன்றாம் வாரம் சிட்டுக்குருவி வந்திருக்கும் என்று, சுவரின் மேலே காற்று வரும் துவாரங்களையெல்லாம் பலகை வைத்து அடைத்தான். அதற்குப் பிறகு மணி முன்னைவிடச் சீக்கிரமாக அடிக்க ஆரம்பித்தது. முன்பு கடை பூட்டி அரைமணி கழித்து அடித்தது, இப்போது கால்மணியிலேயே அடித்தது. திருடனுக்குத் துளிர் விட்டுப்போயிற்று என்றார் தகப்பனார். 

"கருணாகரன் சார்கிட்டப் பேசிட்டேன்" என்றார் நாகூர் மீரான். "இன்னைக்கு அவரு சாதா உடுப்புல கோப்பிக் கடையில உக்காந்திருப்பாரு. மணி அடிச்சதும் பூட்டு மேல எவன் கை வைக்கிறானோ அவனைப் பிடிச்சிடுவாரு. நீ வாயத் தொறக்காத."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷம்சுதீனின் மனைவி மஜீதா, கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்படியில் ஷரீஃபாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அவள் அன்று பூரித்துப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருவதாக மூத்தவன் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு வருகிறான். பெற்ற மனம் வேறு எதைக் கேட்கும்?

*

காலையில் கடையில் கூட்டம். மெர்டேக்கா நாளுக்கு இடுப்பில் கட்டப் புதுச் சாரம் வாங்க வந்தவர்களுக்குச் சுப்பையன் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி, கஜக்கோலால் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஓய்ந்ததும் ஷம்சுதீன் பக்கம் திரும்பினார்.

"என்னா தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்கு? ஒடம்பு முடியலியா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"மணியை நெனச்சுக் கவலப்படாதீங்க. இன்னைக்கு அடிச்சாலும் நான் எதிர்லதான் இருப்பேன். ஒரே ஓட்டமா வந்து பார்த்துருவேன்."

'வராதீங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த தகப்பனார் தலை நிமிர்ந்து பார்த்தார். ஷம்சுதீன் ஒரு சாரத்தை எடுத்து, ஏற்கனவே மடித்திருந்ததை மறுபடி மடித்தான். அந்தக் கோழைத்தனத்தை அவன் தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

பன்னிரண்டரைக்குக் கடை சாத்தும் நேரம். வெள்ளிக்கிழமை சாத்துவதற்கு முன்னால் கடையில் சாம்பிராணி போடுவது, கடை திறந்த நாளிலிருந்து ஷரீஃபாவின் வேலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுக்கதவைத் திறந்துகொண்டு தூபக்காலோடு வருவாள். முன்பெல்லாம் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில், வாசல் காற்றில் வைப்பாள். களவு போனதிலிருந்து, எந்த அலமாரியில் கண் பட்டதோ அந்த அலமாரியின் காலடியில் வைத்துவிட்டு, துஆ ஓதிவிட்டுப் போவாள்.

அன்று அவளுக்கு முழங்கால் வலி.

"நீ கொண்டுபோய் வச்சிடு, மஜீதா. நெருப்பு நல்லா கனியட்டும். சாம்பிராணியைத் தாராளமாப் போடு. புள்ள வரப் போறான், கண்ணேறு எல்லாம் கழியட்டும்."

மஜீதா அப்படியே செய்தாள். அலமாரிக்குக் கீழே தூபக்காலை வைத்துவிட்டு நடுக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஷம்சுதீன் மின்சாரக் கண்ணைப் போட்டுவிட்டு, வெளியே வந்து பூட்டினான். வாசல் பூட்டைச் சுப்பையன் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், எப்போதும் போல. தகப்பனும் மகனும் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள்.



*

மஜீதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமியார் தொழுகைப் பாயை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மஜீதா நடுக்கதவுப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உண்மையிலேயே யாராவது கதவைத் திறந்து உள்ளே வருவார்களா? சுப்பையண்ணன் வந்துவிட்டால்? வரக்கூடாதே என்று மனதுக்குள் அல்லாவை வேண்டினாள்.

கடைக்குள் இருட்டு. துவாரங்களை அடைத்திருந்ததால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சாம்பிராணிப் புகை கலையாமல் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

அப்போதுதான் அவள் அதைக் கண்டாள்.

எந்த நாளும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, புகைக்குள் தெரிந்தது. மங்கலான சிவப்பில், ஒரு கொடிக்கம்பி கட்டியதைப் போல, சுவருக்குச் சுவர் நேராக நின்றது. புகை ஏற ஏற அந்தக் கம்பி தடித்தது. பிறகு குமிழ் பக்கத்து நுனி மங்க ஆரம்பித்தது. புகை இன்னும் திரண்டது. நுனி அணைந்தே போயிற்று.

மணி அடித்தது.

கடைக்குள் ஒரு ஈ எறும்பு இல்லை. மஜீதா கதவில் கை ஊன்றிக்கொண்டு நின்றாள். 

வெளியே ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. பூட்டு குலுங்கும் சத்தம். அதற்கு மேல் சுப்பையனின் குரல்: "உள்ள யாரு? யாருங்க உள்ள?" உடனே இன்னொரு குரல், அதட்டலாக: "கைய எடு! எடுக்காத! அப்படியே நில்லு!"

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் சார்ஜன்ட். சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஷரீஃபா சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் வரை மஜீதா பாயின் ஓரத்திலேயே காத்திருந்தாள். முடித்ததும், கண்டதையெல்லாம் சொன்னாள். காலையில் மாமா போட்ட திட்டத்தையும் சொன்னாள்.

"புகையா?" என்றாள் ஷரீஃபா. "நான் போட்ட சாம்பிராணியா?"

"ஆமா மாமி. என் கண்ணால பார்த்தேன். சுப்பையண்ணனைக் கடை வாசல்ல பிடிச்சு வச்சிருக்காங்க. ரோட்டுல கூட்டம் கூடுற சத்தம் கேக்குது."

ஷரீஃபா எழுந்திருக்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, அவள் நிலையில் யார்தான் உடனே எழுந்திருப்பார்கள்? கடையைக் காக்கத்தான் அவள் புகை போட்டாள். அந்தப் புகைதான் ஏழு வாரமாக ஊரைக் கூட்டியது என்றால், கணவர் என்ன சொல்வார்? ஊர் என்ன சொல்லும்? கடையின் முன்வாசல் வழியாக அவள் தெருவில் இறங்கி எத்தனையோ வருஷமாகிறது.

"அவரு வரட்டும். உள்ள கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்" என்றாள்.

மணியை நிறுத்தும் சாவி ஷம்சுதீனிடம் இருந்தது. அவன் வரும்வரை, அரைமணி நேரத்துக்கு மேல் அது அடித்துக்கொண்டே இருந்தது. கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், தலையைக் குனிந்துகொண்டு, அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் சுப்பையன். அவருடைய சோறு கோப்பிக் கடை மேஜையில் பிரித்தபடி கிடந்தது.

*

பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர்கள் கூடிவிட்டார்கள். ஷம்சுதீன் மணியை நிறுத்தினான். திடீரென்று வந்த அமைதியில் சார்ஜன்டின் குரல் பெரிதாகக் கேட்டது.

"பூட்டு மேல கை வச்சிருந்தான், பாய். என் கண்ணு முன்னாடி."

"முதலாளி, மணி அடிச்சுது, ஓடி வந்தேன். எப்பவும் வர்றதுதானே?"

"அதைத்தான் கேக்குறேன் சுப்பையா. எப்பவும் நீ மட்டும் ஏன் முதல்ல வர்றே?" என்றார் நாகூர் மீரான்.

சுப்பையன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஷம்சுதீன் அதைக் கவனித்தான். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஏதோ பதில் இருந்தது, அவர் சொல்லவில்லை.

"வீட்டைச் சோதனை போட்டாத் தெரிஞ்சிடும்" என்றார் சார்ஜன்ட். "தொலைஞ்ச சாவிக்கொத்து அங்கதான் இருக்கும். கெளம்பு."

சுப்பையன் சட்டென்று எழுந்து நின்றார்.

"வீட்டுக்கு வேணாம் சார். எம்பொண்டாட்டி தாங்கமாட்டா."

"பார்த்தீங்களா, பாய்? பயப்படுறான்."

அப்போது கடையின் வாசல் பலகை உள்ளேயிருந்து அசைந்தது. யாரோ தட்டினார்கள். ஷம்சுதீன் ஓடிப்போய் வெளிப்பூட்டைத் திறந்தான்.

புகையோடு ஷரீஃபா வெளியே வந்தாள்.

சோதனைப் பேச்சு நடுக்கதவு வரைக்கும் கேட்டிருக்கிறது. தலையில் முக்காடு இழுத்துப் போட்டிருந்தாள். கையில் தூபக்கால். கனலிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த ஆண்கள் தாமாகவே இரண்டடி பின்னால் போனார்கள். நாகூர் மீரான் பதறிப்போய், "நீ ஏன் இங்க வந்தே? உள்ள போ" என்றார்.

"போறேன். அவனை முதல்ல விடச் சொல்லுங்க" என்றாள் ஷரீஃபா.  "மணியை அடிச்சவ நான்."

யாருக்கும் புரியவில்லை. அவள் சார்ஜன்டைப் பார்த்தாள்.

"ஏழு வாரமா அடிச்சது நான்தான், சார். இதை வச்சு. நம்பலைன்னா உள்ள வந்து பாருங்க. என் மருமகப் பொண்ணு பார்த்தா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மின்சாரக் கண்ணை மறுபடி போட்டார்கள். சார்ஜன்டும் தகப்பனும் மகனும் ஓர் ஓரமாக நின்றார்கள். ஷரீஃபா அலமாரியின் காலடியில் தூபக்காலை வைத்து, ஒரு கை சாம்பிராணி போட்டாள். காத்திருந்தார்கள். இருட்டில் அந்தச் சிவப்புக் கம்பி தெரிந்தது. தடித்தது. நுனி மங்கியது. தலைக்கு மேலே மணி அலறியதும் சார்ஜன்டே திடுக்கிட்டு ஒதுங்கினார்.

மணியை நிறுத்திய ஷம்சுதீனுக்குத் தன் நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஞாபகம் வந்தது. பல்லி, லாரி, குருவி. துவாரங்களை அடைத்ததால்தான் புகை தங்கியது, தங்கியதால்தான் மணி சீக்கிரம் அடித்தது. வாராவாரம் மூக்கில் ஏறிய வாசனையை அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. வெள்ளிக்கிழமை கடை என்றால் சாம்பிராணி மணக்கும். அதில் எழுத என்ன இருக்கிறது?

நடுக்கதவுக்குப் பின்னால் மஜீதா நின்றாள். அவன் கிட்டே போனதும் மெதுவாகச் சொன்னாள்:

"யாரு உள்ள போனாங்கன்னு எல்லாரையும் கேட்டீங்க, மச்சான். என்னா உள்ள போச்சுன்னு கேக்கவே இல்ல."

அவன் வாசல் கதவைத் திறந்தான். வெளியே போய், கூட்டத்தின் முன்னால் சுப்பையனின் கையைப் பிடித்தான்.

"மிஷின் தப்பு, அண்ணே. என் தப்பு. மன்னிச்சிடுங்க."

சார்ஜன்ட் தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டார். கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார். போகும் முன், "அந்தத் துவாரத்தைத் தொறந்து விடுங்க. தூபத்தை வீட்டுப் பக்கம் வைங்க. மணி இருக்கட்டும், நான் இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றார். சுப்பையனிடம் ஏதோ சொல்ல வந்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நாகூர் மீரான் மட்டும் அசையாமல் நின்றார். பிறகு கரகரத்த குரலில், "சுப்பையா, உள்ள வா. சாப்பிட்டியா?" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

சுப்பையன் உள்ளே வந்தார். கஜக்கோலை எடுத்துத் துணியால் துடைத்து மேஜையின் மேல் வைத்தார். இடுப்பிலிருந்து வாசல் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"வர்றேன் முதலாளி" என்றார்.

போய்விட்டார். வருகிறேன் என்றது வாய்ப் பழக்கம். அவர் திரும்பி வருவதற்காகச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஷரீஃபா வாய்விட்டு அழுதாள்.

*

சாயங்காலம் ஷம்சுதீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுப்பையன் வீட்டுக்குப் போனான். பலகை வீடு. வாசலில் அவர் மனைவி அஞ்சலை, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஊர் வாய் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க தம்பி" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

சுப்பையன் உள்ளேயிருந்து வந்தார். சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தார்.

"அண்ணே, நாளைக்குக் கடைக்கு வாங்க. நீங்க வராட்டி அத்தா தூங்க மாட்டாரு."

"அவர் மேல கோவமில்ல தம்பி. உங்க மேலதான் வருத்தம். உங்களுக்குக் காலையிலேயே தெரியும், இல்ல?"

ஷம்சுதீன் தலையைக் குனிந்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியும்ண்ணே."

சுப்பையன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "முதலாளி ஒரு கேள்வி கேட்டாரே, நீ ஏன் முதல்ல ஓடி வர்றேன்னு. அதுக்குப் பதில் சொல்லட்டுமா?" என்று உள்ளே போனார். ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஷம்சுதீனின் உள்ளங்கையில் ஒன்றை வைத்து, அவன் விரல்களைத் தாமே மடக்கினார்.

சாவிக்கொத்து. பச்சைப் பட்டு நூல்.

"களவு போன அன்னைக்கு நான்தான் கடையைத் தொறந்தேன். அலமாரியிலயே தொங்குச்சு. மறந்துட்டுப் போயிருக்காரு."

"யாரு?" என்றான் ஷம்சுதீன். தெரிந்தேதான் கேட்டான்.

"சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். பெரிய தம்பி கடைக்குப் பக்கத்துச் சந்து வழியா மூட்டையோட போனதைப் பார்த்தேன். வீட்டுப் பொருள் எடுக்குறாரு, நமக்கென்னன்னு இருந்துட்டேன். அப்புறம் மணி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அது அடிக்கும்போது, சாவியைத் தேடிக்கிட்டு அவருதான் மறுபடியும் வந்துட்டாருன்னு பயம். போலீஸ் மாத்தா வர்றதுக்கு முன்னாடி அவரை அனுப்பிடலாம்னுதான் ஓடினேன். போலீஸ் கையில முதலாளி மகன் மாட்டக் கூடாது பாருங்க."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே இது இப்போதுதான் தெரிகிறது போலும்.

"இன்னைக்கு வீட்டைச் சோதனை போட்டிருந்தா..." என்றான் ஷம்சுதீன்.

"இதுதான் கெடைச்சிருக்கும். நான் என்னா சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாங்க. நீங்க நம்புறீங்களா தம்பி?"

"நம்புறேன்ண்ணே" என்றான் ஷம்சுதீன். அன்று முழுக்க அவன் தயங்காமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

"அப்ப இதை நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் பாரமா இருக்கு. என்னா செய்யறதுன்னு உங்க வீட்டுக்காரங்க முடிவு பண்ணுங்க. இனிமே மணி அடிச்சா நான் வரமாட்டேன்."

*

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் அந்தி நேரத்தில் வீடு திரும்பினான். வழியெல்லாம் கொத்தை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்து வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ அம்மா காத்திருக்கிறாள். அத்தாவிடம் சொன்னால் அந்த வாசலில் அண்ணன் இனி கால் வைக்க முடியாது. சொல்லாவிட்டால் சுப்பையன் மேல் விழுந்த கறை பாதிதான் துடைக்கப்படும். துணி எடுத்தவன் யார் என்று ஊர் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அடுப்படியில் ஷரீஃபா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மஜீதா பக்கத்தில் வெங்காயம் உரித்தாள்.

"போனியா? சுப்பையா மன்னிச்சானா?"

"கோவமில்லன்னாரு. வர்றேன்னு சொல்லலம்மா."

"நாளைக்கு நானே போய்க் கூப்பிடுறேன். இன்னைக்குத் தெருவுல எறங்கியாச்சு, இனிமே என்ன வெக்கம்?" ஷரீஃபா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "அவனும் வரணும். ஞாயித்துக்கெழமை அண்ணன் வர்றப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். பெரியவன்னா சுப்பையாவுக்கு உசுரு." பிறகு மகனை ஏறிட்டுப் பார்த்தாள். "கையில என்னாடா, அப்படிப் பொத்திக்கிட்டு நிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா."

சொல்லிவிட்டு அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான். விரல்களுக்கு வெளியே பச்சை நூலின் நுனி தொங்கிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அம்மிக்குழவி நின்றது. அந்தப் பச்சை நூலை மூத்தவனுக்கென்று பின்னியவள் அவள்தானே.